பாறைக்குள் எண்ணெய், கிடங்கில் காலியம்: ஜப்பானின் ஜோக்மெக் செய்யும் வேலை

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் ஜப்பானியச் செய்திகளில் ஒரு எண் வந்துவிடும்: நாட்டிடம் இத்தனை நாளைக்குக் கையிருப்பு இருக்கிறது. பல ஆண்டுகளாக அந்த எண் 200-க்கு மேல்தான். கேட்பவர்களுக்கு நிம்மதி. அந்த எண்ணெய் எந்த ரகம், எந்தத் தொட்டியில் கிடக்கிறது, எந்த ஆலையால் அதைக் காய்ச்ச முடியும், யார் கையெழுத்துப் போட்டால் வெளியே வரும் என்று அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கினால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பொறுப்பான அரசு அமைப்புதான் ஜோக்மெக். முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், உலோகம் மற்றும் எரிசக்திப் பாதுகாப்புக்கான ஜப்பான் அமைப்பு. தலைமையகம் டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில்.

2004 பிப்ரவரி 29 அன்று இரண்டு பழைய அமைப்புகளின் வேலைகளை ஒன்றாக்கி இதை உருவாக்கினார்கள். ஒன்று 1967-இல் தொடங்கிய ஜப்பான் தேசிய எண்ணெய்க் கழகம். மற்றொன்று 1963-இல் தொடங்கிய உலோகச் சுரங்க முகமை. 2012-இல் நிலக்கரியும் புவிவெப்பமும் சேர்ந்தன. 2022-இல் ஹைட்ரஜன், அம்மோனியா, கரியமில வாயுவைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை என்று பட்டியல் நீண்டு, பெயரும் மாறியது. பட்டியல் நீளம்தான். ஆனாலும் இதன் பாடு முழுவதும் ஒரே சிக்கலைச் சுற்றித்தான் ஓடுகிறது: பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தின்னும் ஆலைக்கு அது பொருந்த வேண்டும்.

முதலில் எண்ணெய். 1973-இன் அதிர்ச்சிக்குப் பிறகு, 1975-இல் கையிருப்புச் சட்டம் வந்தது. 1978-இல் தேசியக் கையிருப்பு தொடங்கியபோது தொட்டிகளே இல்லை. பெரிய டாங்கர் கப்பல்களில் நிரப்பிக் கடலில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக 10 தளங்கள் எழுந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 4 கோடி கிலோலிட்டர். வடக்கே தோமகோமாயும் முத்சு-ஒகவாராவும், தெற்கே ககோஷிமாவில் ஷிபுஷியும் தரைமேல் தொட்டிகள். நாகசாகியின் கமிகோத்தோவிலும் கிட்டாக்யூஷூவை ஒட்டிய ஷிராஷிமாவிலும் நிலமே கிடைக்காததால் மிதக்கும் இரும்புப் பெட்டிகள். கமிகோத்தோவில் அப்படி 5 பெட்டிகள். ஒவ்வொன்றும் 390 மீட்டர் நீளம், 97 மீட்டர் அகலம், 8.8 லட்சம் கிலோலிட்டர் பிடிக்கும். அகிதாவில் தரைக்குள் புதைத்த தொட்டிகளும் உண்டு.

இவற்றில் நுட்பமானவை கூஜி, கிகுமா, குஷிகினோ என்ற மூன்று பாறைக்குகைத் தளங்கள். குஷிகினோவில் 18 மீட்டர் அகலமும் 22 மீட்டர் உயரமும் 555 மீட்டர் நீளமும் கொண்ட 10 குகைகளில் 17.5 லட்சம் கிலோலிட்டர் கொள்ளளவு. உள்ளே இரும்பு உறை எதுவும் கிடையாது. வெறும் பாறைச் சுவருக்கு எதிரே எண்ணெய் நிற்கிறது. பாறையில் விரிசல் இல்லாமல் இருக்குமா? இருக்கும். அந்த விரிசல்களில் நிற்கும் நிலத்தடி நீர்தான் உறை. குகையை நிலத்தடி நீர்மட்டத்துக்கு வெகு கீழே வெட்டுவதால், உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தைவிட வெளியே நீரின் அழுத்தம் அதிகம். ஆகவே எண்ணெய் வெளியே போவதில்லை, நீர்தான் உள்ளே கசிகிறது. கசிந்த நீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். அதை இடைவிடாமல் பம்ப் செய்து, எண்ணெயைப் பிரித்துச் சுத்தம் செய்து வெளியேற்ற வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. கெட்டுப்போகும் வழிகள் நிறைய. இயற்கை நீரை மட்டும் நம்ப முடியாது என்பதால் குகைகளுக்கு மேலே தனிச் சுரங்கம் வெட்டி, அதிலிருந்து வரிசையாகத் துளை போட்டு, அழுத்தத்தில் நீர் செலுத்துவார்கள். இதுதான் நீர்த்திரை. இந்தத் திரையைக் குகை வெட்டுவதற்கு முன்பே இயக்கிவிட வேண்டும். வெட்டிவிட்டுப் பிறகு நீர் விட்டால், அதற்குள் விரிசல்கள் உலர்ந்து காற்று புகுந்திருக்கும். அந்தக் காற்றுக் குமிழிகளை அப்புறம் நீரால் துரத்துவது மிகவும் கடினம்; அந்த இடம் நிரந்தரப் பலவீனமாகிவிடும். இன்னொரு எதிரி பாக்டீரியா. செலுத்தும் நீரில் நுண்ணுயிர்கள் இருந்தால் துளைச் சுவர்களில் பாசிபோலப் படர்ந்து அடைத்துவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும், பாறைக்குள் நீர் போயிருக்காது. அதனால்தான் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள். திரைக்குழாயின் அழுத்தத்தைப் பார்ப்பதோடு விடாமல் கிணற்றின் நீர்மட்டத்தையும் குகைக்குள் கசிந்து வரும் நீரின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் திரை உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். கசிவு திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது.

சமையல் எரிவாயுவான எல்.பி.ஜி-க்கும் இதே உத்திதான். ஆனால் புரோப்பேன் சாதாரண வெப்பநிலையில் திரவமாக நிற்க அதிக அழுத்தம் வேண்டும். அதை எதிர்த்து நிற்கும் நீர்த்தூண் உயரமாக வேண்டும். எனவே குராஷிகி, நமிகாத்தா தளங்களில் குகைகள் 150 மீட்டருக்கும் கீழே போய்விட்டன. இந்தியாவின் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் குகைகளும் இந்த நீர்த்திரை முறையில்தான் கச்சா எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன. மூன்றும் சேர்த்து 53.3 லட்சம் டன்.

2011 மார்ச் ஆழிப்பேரலையில் கூஜி தளத்தின் தரைமேல் கட்டடங்கள் அடித்துச் செல்லப்பட்டன. குகைக்குள் இருந்த எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தரைமேல் தொட்டிகளின் கதை அவ்வளவு சுலபமல்ல. பெரிய தொட்டி ஒன்றில் சுமார் 1.1 லட்சம் கிலோலிட்டர். அதன் கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும். கூரைக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஆவி சேர இடம் இல்லாமல் செய்வதற்காக இந்த ஏற்பாடு. நிலநடுக்கத்தில் வரும் மெதுவான, நீண்ட அதிர்வு தொட்டியின் ஊசலோடு ஒத்துப்போனால் எண்ணெய் அலைமோதி மிதவைக் கூரையை வளைத்து மூழ்கடித்துவிடும். 2003 செப்டம்பர் 26-இல் ஹொக்கைடோவை ஒட்டி வந்த 8.0 அளவு நிலநடுக்கத்தில் தோமகோமாய் சுத்திகரிப்பு ஆலையில் இதுதான் நடந்தது. நாப்தா என்ற லேசான எண்ணெய் இருந்த, கூரை மூழ்கிய தொட்டி ஒன்று இரண்டு நாள் கழித்துத் தீப்பிடித்து சுமார் 44 மணி நேரம் எரிந்தது. அப்போது நாட்டிடம் இருந்த நுரைபீச்சும் கருவிகளால் அத்தனை பெரிய பரப்பை மூட முடியவில்லை. அதன் பிறகுதான் கூரைகளின் மிதவைகளை வலுப்படுத்தும் விதிகளும், பேரளவு நுரை பீச்சும் கருவிகள் கட்டாயம் என்ற சட்டமும் வந்தன.

நாற்பது வருடம் எண்ணெயைச் சும்மா வைத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. மெழுகும் தாரும் அடியில் படியும்; அதைக் கலக்கிக்கொண்டே இருக்கப் பக்கச் சுவரில் கலக்கிகள் வேண்டும். எண்ணெயோடு வந்த உப்புநீர் அடியில் தேங்கினால் அடித்தகடு அரிக்கும். சட்டப்படி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து, சகதியை அள்ளி, தகட்டின் தடிமனையும் பற்றவைப்பையும் பார்க்க வேண்டும். திறக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் எண்ணெய் வேறு தொட்டிக்குப் போக வேண்டும். அதாவது எப்போதும் ஏதோ ஒரு தொட்டி காலியாக இருந்தாக வேண்டும். கொள்ளளவு 4 கோடி கிலோலிட்டர் என்பதை இருப்பு 4 கோடி என்று படித்துவிடக் கூடாது.

இப்போது அந்த நாள் கணக்குக்கு வரலாம். ஜப்பானிய எண்ணெயில் மூன்று பை உண்டு. அரசுக்குச் சொந்தமானது முதலாவது. ஜோக்மெக் பராமரிப்பது இதைத்தான். சுத்திகரிப்பு மற்றும் இறக்குமதி நிறுவனங்கள் சட்டப்படி வழக்கமாக வைத்தாக வேண்டிய 70 நாள் இரண்டாவது. மூன்றாவது ஒரு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு: சவூதியின் எண்ணெய் நிறுவனமான அராம்கோவுக்கு ஒகினாவாவிலும் அபுதாபியின் எண்ணெய் நிறுவனமான அட்னாக்குக்கு ககோஷிமாவின் கியிரேயிலும் தொட்டி கொடுத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் அவர்கள் அங்கிருந்து கிழக்காசியாவுக்கு வியாபாரம் செய்துகொள்ளலாம். நெருக்கடி வந்தால் வாங்குவதில் ஜப்பானுக்கு முன்னுரிமை. இதில் பாதியை மட்டும் தன் இருப்பாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது அரசு. இனி ஒரு நாள் என்றால் எவ்வளவு? ஜப்பானியச் சட்டம் உள்நாட்டு நுகர்வை வைத்து வகுக்கிறது. பன்னாட்டு எரிசக்தி முகமை நிகர இறக்குமதியை வைத்து வகுத்து, தொட்டியடியில் எடுக்க முடியாமல் போவதற்காக 10 சதவீதம் கழித்துவிடுகிறது. ஒரே எண்ணெய்க்கு இரண்டு விடை. செய்தியில் எண் வந்தால் எந்தக் கணக்கு என்று முதலில் பார்க்க வேண்டும்.

2021 நவம்பரில் நடந்தது இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பை நன்றாகக் காட்டியது. விலையைக் குறைக்கக் கையிருப்பைத் திறங்கள் என்று அமெரிக்கா கேட்டது. ஜப்பானியச் சட்டம் வழங்கல் தட்டுப்பாட்டுக்கு மட்டுமே திறக்க அனுமதிக்கிறது; விலைக்காகத் திறக்க வழியே இல்லை. அதிகாரிகள் கண்டுபிடித்த சந்து ரகமாற்றம். சுத்திகரிப்பு ஆலைகளின் அமைப்பும் தேவையும் காலத்தோடு மாறும். பத்து இருபது வருடத்துக்கு முன் வாங்கிய எண்ணெய் இன்றைய ஆலைக்கு ஏற்றதாக இருக்காது. கனரக எண்ணெயை அப்படியே ஊற்றினால் பெட்ரோல் குறைவாகவும் அடிக்கசடு அதிகமாகவும் வரும். அந்தக் கசடை உடைக்கும் பிரிவு இல்லாத ஆலை திணறும். அதனால் பழைய ரகத்தை விற்றுவிட்டுப் புதிய ரகம் வாங்கும் வேலை அவ்வப்போது நடக்கும். அந்த அட்டவணையை முன்னே இழுத்து, இலக்குக்கு மேல் இருந்த பகுதியை விற்றார்கள். சட்டமும் மீறப்படவில்லை, வாஷிங்டனுக்கும் பதில் சொல்லியாயிற்று. 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகு பன்னாட்டு முகமையோடு சேர்ந்து ஏப்ரலில் அறிவித்த 1.5 கோடி பீப்பாயில் 90 லட்சம் தேசியக் கையிருப்பிலிருந்து. 1978-இல் தொடங்கிய ஏற்பாட்டிலிருந்து, ரகமாற்றம் என்ற பெயரில் இல்லாமல் நெருக்கடிக்கென்றே அரசு எண்ணெயை வெளியே விட்டது அதுதான் முதன்முறை.

எண்ணெய்க்கு இருக்கும் இந்த வசதி, குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவான எல்.என்.ஜி-க்குக் கிடையாது. மைனஸ் 162 டிகிரியில் வைத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய சரக்கின் மேல் வேறு அடர்த்தியுள்ள புதிய சரக்கை இறக்கினால் இரண்டும் அடுக்காக நிற்கும். கீழடுக்கு மெல்லச் சூடாகி, ஒரு கட்டத்தில் புரண்டு மேலே வந்து, மளமளவென்று ஆவி கிளப்பும். எனவே மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் பொருள் இது இல்லை. ஜப்பானிய மின்நிறுவனங்களிடம் இருப்பது வழக்கமாக இரண்டு மூன்று வாரத்துக்கு. 2021 ஜனவரிக் குளிரில் அது கரைந்தபோது மொத்த விற்பனை மின்சந்தையில் ஒரு யூனிட் 251 யென் வரை போனது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு தொட்டிக்குப் பதில் கப்பலைக் கையிருப்பாக்குகிறது. 2023 டிசம்பரில் தொடங்கியபோது இருந்த ஏற்பாட்டின்படி, குளிர்கால மாதங்களில் மாதம் ஒரு கப்பல் சரக்காவது, அதாவது சுமார் 70,000 டன், ஜெரா என்ற மின் உற்பத்தி நிறுவனம் யாருக்கும் ஒப்புக்கொள்ளாமல் வைத்திருக்கும். அரசு சொன்னால் தட்டுப்பாட்டில் இருக்கும் மின்நிறுவனத்துக்குப் போகும். சொல்லாவிட்டால் சந்தையில் விற்றுவிடுவார்கள். நஷ்டம் வந்தால் ஜோக்மெக்கில் உள்ள நிதி ஈடு செய்யும். லாபம் வந்தால் அந்த நிதிக்கே திரும்பும். ஒரு கப்பல் என்பது பெரிய ஜப்பானுக்குச் சொற்பம்தான். ஆனாலும் ஒரு மின்நிலையம் அணைவதற்கும் அணையாமல் இருப்பதற்கும் நடுவே அந்தச் சொற்பம் நிற்கும்.

உலோகக் கையிருப்பு 1983-இல் தொடங்கியது: நிக்கல், குரோமியம், டங்ஸ்டன், கோபால்ட், மாலிப்டினம், மாங்கனீசு, வனேடியம் என்று 7. 2009-இல் இண்டியம், காலியம் என்ற மின்னணுத் துறை உலோகங்களும் சேர்ந்தன. கிடங்கு இபராகி மாகாணத்தின் தக்காஹாகியில். இலக்கு வெகு காலம் 60 நாளாக இருந்தது, அதில் 42 அரசு, 18 தனியார். 2020-இல் அரசியல் ஆபத்து அதிகமுள்ள சிலவற்றுக்கு 180 நாளாக உயர்த்தினார்கள்.

இங்கே பொருத்தம் இன்னும் கறாராகிறது. டங்ஸ்டன் இருக்கிறது என்று சொன்னால் எந்த வடிவத்தில் என்பதுதான் அடுத்த கேள்வி. எஃகு ஆலைக்கு இரும்போடு கலந்த ஃபெரோடங்ஸ்டன் போதும். வெட்டுக்கருவி செய்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவருக்குத் தேவை ஆக்சைடு அல்லது தூள். கோபால்ட் கட்டியை வைத்துக்கொண்டு பேட்டரி ஆலையைக் காப்பாற்ற வேண்டுமானால் நடுவில் அதைக் கரைத்துச் சல்ஃபேட்டாக்க ஒருவர் வேண்டும். காலியம் 29.8 டிகிரியிலேயே உருகிவிடும், உறையும்போது விரியும், அலுமினியத்தைத் தின்னும். அதற்கு இரும்புக் கட்டியைப் போலக் கூரை மட்டும் போட்டால் போதாது. கொள்கலனையும் அறை வெப்பத்தையும் யோசித்தாக வேண்டும். 2023 ஆகஸ்டில் சீனா காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியதிலிருந்து, ஒரு காலத்தில் யாரும் கவனிக்காத இந்தச் சின்னச் சின்ன டப்பாக்களுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

வலுவான காந்தங்களுக்கு வேண்டிய நியோடைமியம் போன்ற அருமண் தனிமங்கள் விஷயத்தில் கிடங்கு கைகொடுக்காது என்பதை 2010 செப்டம்பர் காட்டியது. ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் செங்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதிய சில வாரங்களில், சீனாவிலிருந்து சரக்கு வருவது நின்றது. அன்று உலக உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவுடையது. 2011 மார்ச்சில் ஜோக்மெக்கும் சோஜிட்ஸ் வணிக நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் அருமண் சுரங்க நிறுவனமான லைனாஸுக்கு 25 கோடி டாலர் கொடுக்க ஒப்பந்தம் செய்தன. பெரும்பகுதி கடன், கொஞ்சம் பங்கு.

லைனாஸின் சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில். தாதுவை அரைத்து மிதக்கவைத்துச் செறிவாக்கி, மலேசியாவின் குவாந்தான் அருகே கெபெங் ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே கந்தக அமிலத்தோடு சுழலும் உலையில் வறுத்து, நீரில் கரைத்து, பிறகு கரைப்பான்களால் தனிமம் தனிமமாகப் பிரிப்பார்கள். நியோடைமியமும் பிராசியோடைமியமும் பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள், குணம் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு கலனில் வரும் வித்தியாசம் மிகச் சொற்பம் என்பதால் கலக்கிப் பிரிக்கும் கலன்களை நூற்றுக்கணக்கில் தொடராக வைக்க வேண்டும். ஒரு இடத்தில் அமிலத்தன்மை தடுமாறினால் அதன் விளைவு வரிசை முழுக்கப் பரவும். மறுபடி சமநிலைக்கு வர வாரக்கணக்காகும். சுரங்கம் தோண்டுவதைவிட இதுதான் கடினம். சீனாவின் பிடியும் மண்ணில் இருப்பதைவிட இந்தக் கலன்களில்தான் அதிகம்.

ஆலை ஓடத் தொடங்கும் முன்பே இரண்டு அடி விழுந்தது. தாதுவில் உள்ள கதிரியக்கத் தோரியம் கழிவில் சேரும் என்பதால் குவாந்தானில் பெரும் எதிர்ப்பு, உரிமம் தள்ளிப்போனது. அதற்குள் 2011-இல் உச்சிக்குப் போன விலை சரிந்து விழுந்தது. ஒரு வங்கியாக இருந்தால் லைனாஸைக் கையைக் கழுவியிருக்கும். ஜப்பானிய தரப்பு தவணையை முதலில் 2020-க்கும், பிறகு 2030-க்கும் தள்ளிக் கொடுத்தது. இந்த அமைப்பின் பயனைக் கேட்பவருக்கு நான் காட்டுவது 2011-இன் காசோலையை அல்ல, இந்தத் தவணைத் தள்ளிவைப்பைத்தான். விலை ஏறும்போது முதலீடு செய்ய ஆயிரம் பேர் வருவார்கள்.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மவுண்ட் வெல்ட் தாதுவில் கொஞ்சம்தான் உண்டு. லைனாஸ் அவற்றைப் பிரிக்காமல் கலவையாகவே விற்றது, அது பெரும்பாலும் சீனாவுக்கே பிரிக்கப் போனது. ஜப்பானின் சீனச் சார்பு 90-லிருந்து சுமார் 60 சதவீதமாக இறங்கியது என்று பெருமை பேசிய ஆண்டுகளிலும் கனரக அருமண்ணில் நிலைமை மாறவே இல்லை. 2023 மார்ச்சில் மேலும் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் போட்டு, மவுண்ட் வெல்டிலிருந்து வரும் டிஸ்ப்ரோசியம், டெர்பியத்தில் 65 சதவீதம் வரை ஜப்பானுக்கு என்று எழுதி வாங்கினார்கள். 2025 ஏப்ரலில் சீனா ஏழு நடுத்தர, கனரக அருமண்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. மே மாதம் கெபெங்கில் முதல் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு வந்தது. அதே ஆண்டில் பிரான்ஸின் லாக்கில் வரும் கேர்மாக் ஆலையிலும் இவாத்தானி நிறுவனத்தோடு சேர்ந்து 11 கோடி யூரோ வரை போட முடிவானது. அங்கே தாதுவோடு பழைய காந்தங்களையும் பிரிக்கப் போகிறார்கள்.

சுரங்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய கட்டத்தில் ஜோக்மெக் நுழையும் விதம் இன்னும் சுவாரசியம். ஏதோ ஒரு நாட்டில் ஒரு சிறிய நிறுவனத்திடம் உரிமம் இருக்கும், துளை போடப் பணம் இருக்காது. ஜோக்மெக் ஒப்பந்தம் போட்டு, இத்தனை ஆண்டில் இத்தனை செலவழித்தால் இத்தனை பங்கு என்று கட்டம் கட்டமாக உள்ளே வரும். ஒவ்வொரு கட்ட முடிவிலும் விலகிக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் வாட்டர்பர்க்கில் 2009-இல் இப்படித்தான்: நான்கு ஆண்டில் 32 லட்சம் அமெரிக்க டாலர் செலவழித்தால் 37 சதவீதம். அப்போது அது வெறும் நம்பிக்கை; மணற்பாறைக்கடியில் இருந்தது, பிளாட்டினத்துக்குப் பேர்போன புஷ்வெல்ட் பாறைத்தொகுதியின் புதிய கிளை என்று துளைகள் காட்டிய பிறகு பெரிய பிளாட்டினக் கண்டுபிடிப்பாகிவிட்டது. நமீபியாவின் லோஃப்டாலில் டிஸ்ப்ரோசியத்துக்காக 2020-இல் போட்டதும் இதே வடிவம்: 2 கோடி கனடிய டாலர், 50 சதவீதம்.

கிடைத்த பங்கை ஜோக்மெக் காலத்துக்கும் வைத்துக்கொள்வதில்லை. ஜப்பானிய நிறுவனங்களுக்குள் ஏலம் விடும். வாட்டர்பர்க்கில் அப்படி 9.755 சதவீதத்தை வாங்கியது ஹன்வா என்ற வணிக நிறுவனம். ஆனால் சுரங்கம் இன்னும் எழவில்லை. இம்பாலா என்ற பெரிய பங்காளி உள்ளே வந்து, பெரும்பங்கு எடுக்கும் வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விட்டது. தாது கண்டுபிடிப்பது ஒரு திறமை, அதைச் சுரங்கமாக்குவதற்கு உருக்காலை, நீர், மின்சாரம், விலை என்று எத்தனையோ கூட வேண்டும். அதில் எதையும் ஜோக்மெக்கால் உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது.

இந்த எச்சரிக்கையெல்லாம் பழைய தேசிய எண்ணெய்க் கழகம் பட்ட அடியில் வந்தது. அந்தக் கழகம் எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்கு, எண்ணெய் கிடைத்தால் திருப்பிக் கொடு, கிடைக்காவிட்டால் வேண்டாம் என்ற நிபந்தனையில் கடன் கொடுத்தது. கூடவே ஒவ்வொரு வயலுக்கும் தனி நிறுவனம். இதனால் ஒன்றில் வந்த லாபம் இன்னொன்றின் நஷ்டத்தைச் சரிகட்டவில்லை. செத்துப்போன நிறுவனத்தை மூடினால் நஷ்டம் கணக்கில் ஏறும் என்பதால் மூடாமலே ஓட்டினார்கள். 1998-இல் அமைச்சர் பொறுப்பில் இருந்த ஹோரியுச்சி மித்சுவோ இதைப் பகிரங்கமாக்கினார். 2005-இல் கழகம் கலைந்தது. ஜோக்மெக்கின் விதியில் தனியார் நிறுவனம் தன் பணத்தையும் போட்டாக வேண்டும். அரசின் பங்குக்கு வழக்கமான வரம்பு 50 சதவீதம், முக்கியம் என்று முடிவானால் 75 வரை.

75 வரை போனதில் ஒன்று ரஷ்யாவின் கிதான் தீபகற்பத்தில் ஆர்க்டிக் எல்.என்.ஜி 2 என்ற எரிவாயுத் திட்டம். 2019-இல் எடுத்த 10 சதவீதத்தில் முக்கால் பங்கு ஜோக்மெக்குடையது, கால் பங்கு மிட்சுயி வணிக நிறுவனத்துடையது. மத்திய கிழக்கையும் ஹோர்முஸ் நீரிணையையும் தவிர்க்கும் வழி என்ற கணக்கு அன்று சரியாகவே பட்டது. 2023 நவம்பரில் அமெரிக்கத் தடை வந்து கதை மாறிவிட்டது. ஹோர்முஸிலிருந்து தப்ப எடுத்த காப்பீடே தடை என்ற இன்னொரு நீரிணையில் சிக்கிக்கொண்டது. நிலவியல் ஆபத்தைக் கணக்கிட ஜோக்மெக்கில் நிபுணர்கள் ஏராளம். இந்த வகை ஆபத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுக்கலாமே தவிரக் கணக்கு போட முடியாது.

கடலில் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நங்காய் பள்ளத்தில், 1,000 மீட்டர் நீருக்குக் கீழே, மீத்தேன் ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி வாயுவை அழுத்தம் குறைத்து எடுத்துப் பார்த்தார்கள். 2013 மார்ச்சில் 6 நாளில் சுமார் 1.2 லட்சம் கனமீட்டர் வந்தது. பிறகு மணல் வந்து அடைத்தது. காரணம் எளிது: ஹைட்ரேட்தான் அந்த மணலைக் கட்டிப்பிடித்திருக்கும் சிமெண்ட், அது உருகினால் மணல் உதிரத்தான் செய்யும். 2017-இல் புதிய வடிகட்டியோடு முதல் கிணறு 12 நாளில் மறுபடி மணலிடம் தோற்றது. இரண்டாவது 24 நாள் ஓடி சுமார் 2 லட்சம் கனமீட்டர் தந்தது. நாட்டுக்கு எரிவாயு தரும் அளவு இல்லை இது.

கடைசியாக, பட்டியலில் யாரும் படிக்காத ஒரு வரி: மூடிய சுரங்கங்களின் கழிவுநீர். இவாத்தே மாகாணத்தின் மட்சுவோ ஒரு காலத்தில் ஆசியாவின் பெரிய கந்தகச் சுரங்கங்களில் ஒன்று. சுத்திகரிப்பு ஆலைகள் எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கத் தொடங்கியதும் அந்தக் கந்தகம் மலிவாகச் சந்தையில் கொட்டியது. சுரங்கம் 1970-களின் தொடக்கத்தில் மூடிவிட்டது. நீர் மட்டும் நிற்கவில்லை. எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்த, இரும்பு கலந்த நீர் இறங்கிக் கிட்டாகாமி ஆற்றைச் செந்நிறமாக்கியது. முதலில் ஆற்றிலேயே சுண்ணாம்புக்கல் கரைசலைக் கொட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் சகதி கீழேயுள்ள அணையில் போய்ப் படிந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஓடும் ஆலையில், இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களை முதலில் வேலை செய்ய விடுகிறார்கள். இரும்பு இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாறிவிட்டால் அமிலம் இன்னும் இருக்கும்போதே படியும், மலிவான கால்சியம் கார்பனேட் போதும். மாற்றாமல் விட்டால் விலை கூடிய சுட்ட சுண்ணாம்பைப் போட்டுக் காரத்தன்மை வரை இழுத்தாக வேண்டும். நிமிடத்துக்கு சுமார் 18 கனமீட்டர், இரவு பகல், வருடம் முழுக்க. இவாத்தே மாகாணத்துக்காக ஜோக்மெக் இதை நடத்துகிறது. படியும் சகதி அருகிலுள்ள தேக்கத்தில் நிறைந்துகொண்டே போகிறது. சுரங்க நிறுவனம் இல்லாமல் போய் அரை நூற்றாண்டு ஆகியும் செலவு ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து போகிறது. லைனாஸின் தோரியக் கழிவுக்கும், நம் மணவாளக்குறிச்சி மோனசைட் மணலைப் பிரித்தால் வரும் தோரியத்துக்கும் விலை போடுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த ஆலையின் கணக்குப் புத்தகத்தை.